ஓரத்தில் ஆடிய துண்டு

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை, துண்டுதான் வருகிறது. சிவப்புக் கரை போட்ட பச்சைத் துண்டு. தோளில் கிடக்கும்போது அது வியர்வை துடைக்கிற துண்டு. சந்தைக்குள் நுழைந்துவிட்டால் அதுதான் அவர் கடை, அதுதான் அவர் ஆபீஸ். என் அம்மாவின் அண்ணன் அவர். காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர். விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் மாறி மாறித் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு விரல்களைப் பிடித்தே விலை பேசுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. வெளியே வாய் பாட்டுக்கு வேறு பேசிக்கொண்டிருக்கும். "இந்த மாட்டுக்கு இந்த வெலையா? போய்யா, நீயே ஓட்டிக்கிட்டுப் போ" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். உள்ளே விரல்கள் பேரத்தை முடித்துக்கொண்டிருக்கும். வாயால் பொய் சொல்லலாம், அது வியாபாரம். துண்டுக்குள் பொய் சொன்னால் அவன் தரகனே இல்லை என்பது மாமா வைத்திருந்த சட்டம்.

அந்தத் துண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாட்டுக்குக் கண் பார்ப்பது. மாட்டின் பக்கவாட்டில் போய் நின்று, அது அசந்திருக்கும் நேரத்தில், துண்டின் நுனியைக் காதோரமாகச் சட்டென்று ஆட்டுவார். மாடு மிரண்டு தலையை இழுத்தால் அந்தக் கண் நல்ல கண். மரம் மாதிரி நின்றால் அந்தப் பக்கம் பார்வை இல்லை, விலை குறையும். இதில் அவர் ஏமாந்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே சோதனையை அவர் தன் கண்ணுக்கும் செய்துகொண்டிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. தெரிய வந்த நாளின் திடுக்கிடல் என்னை விட்டு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வேடிக்கை புரியும். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்து போகிற ஒரு நோய் உண்டு. கண்புரை போல அறுவை செய்து எடுத்துவிட முடியாது. ஓரப் பார்வை அப்படியே இருக்கும், நடுவில் இருப்பது மட்டும் அழிந்துகொண்டே போகும். எதிரே ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. சிலருக்கு விழித்திரைக்கு அடியில் வேண்டாத இடத்தில் புது இரத்தக் குழாய்கள் முளைத்து, அவை கசிந்து, நடுப்பார்வையை வேகமாகக் கெடுத்துவிடும். இந்த நோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற மிகச் சிறிய இழைகளுக்கு என்ன பங்கு என்பதுதான் என் ஆராய்ச்சி. என் நாளெல்லாம் நகக்கண் அளவுள்ள குப்பிகளோடும் வயதானவர்களின் இரத்தத்தோடும் போகிறது.

மாமாவுக்கு இதை ஒருமுறை சந்தையை வைத்தே விளக்கினேன். "ஒரு செல்லுங்கறது உங்க சந்தை மாதிரி மாமா. இதைச் செய், அதைச் செய்னு ஆளாளுக்குக் கத்திக்கிட்டு இருப்பாங்க. இந்தக் குட்டி இழை என்ன பண்ணும்னா, கத்தறவன் தோளைத் தட்டி, சும்மா இருப்பான்னு அடக்கும். வயசானா சில இழை கொறைஞ்சு போவுது, சிலது தேவைக்கு மேல கூடிப் போவுது. 'ரத்தக் கொழா வளரட்டும்'னு கத்தறவனை அடக்க ஆள் இல்லைன்னா கண்ணுக்குள்ள கண்ட எடத்துல கொழா மொளைச்சுடும்." மாமா பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "தோளைத் தட்டி அடக்கறதா? அதுக்கு உங்க அத்தை இருக்கறாளே, அவளைக் கண்ணுக்குள்ள உட்டுரு" என்றார். அடுப்படியிலிருந்து அத்தை, "ஏன், இங்க அடக்கிக் கிழிச்சது பத்தலையா?" என்று குரல் கொடுத்தார். அப்போதெல்லாம் மாமா என் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்று போனதற்கு நாங்கள் எல்லோரும் ஒரு காரணம் வைத்திருந்தோம். தை மாதத்தில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில், ஆடுமாடுகளைக் காக்கிற வனத்து அந்தோணியாருக்குப் பொங்கல் நடக்கும். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கோவில் முன்னால் நிறுத்துவார்கள்; சாமியார் ஒவ்வொரு மாட்டுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஒரு வருடம் நான் போயிருந்தபோது மாமா மதிலோரமாக மற்ற தரகர்களோடு நின்று, ஒரு பீடி அணைவதற்குள் அதன் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, பீடி நெஞ்சுக்கு மட்டும் கேடில்ல, கண்ணுக்கும் கேடு. நடுப்பார்வை போயிரும். நான் தெனம் பாக்கறதே அதுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பல்லைப் பிடித்து மாட்டின் வயதைப் பார்க்கிற தரகர் ஒருவர் விடுவாரா? "என்னாங்க தரகரே, உங்க பல்லையே புடிச்சுப் பாத்துட்டுதே பாப்பா" என்றார். கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போனபோதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வா பாப்பா, நல்லாருக்கியா?" என்று கேட்பார், கேட்கும்போது முகம் காலண்டர் பக்கம் திரும்பியிருக்கும். சோறு போடச் சொல்வார், கிணற்றைப் பார்த்துக்கொண்டு. சித்தேரி மலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் நான் அவருக்கு எதிரே வந்து, அவரே கூப்பிடட்டும் என்று பேசாமல் நின்றேன். யாரோ வழியில் நிற்கிற ஆளைத் தாண்டுவது போல என்னைத் தாண்டிப் போனார். எனக்குச் சுருக்கென்றது. தாய்மாமன் சபையில் வைத்து இப்படிச் செய்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அம்மா, "உடு, அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நாலு ஆம்பளைங்க முன்னால நீ சொன்னது தப்புதான்னு வெச்சுக்க" என்றார். தப்பாவது ஒன்றாவது, அவரே வந்து பேசட்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

இடையில் மாமாவைப் பற்றி அம்மா போனில் சொல்லுகிற கதைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. சந்தையில் மாமாவுக்கு மவுசு கூடிவிட்டதாம். முன்பெல்லாம் எட்டி நின்று பார்த்தே மாட்டின் உடம்பிலுள்ள முடிச்சுழியைச் சொன்னவர், இப்போது முதுகையும் நெற்றியையும் கையால் தடவியே சொல்கிறாராம். பல்லைக்கூடப் பார்ப்பதில்லை, வாய்க்குள் கட்டைவிரலை விட்டு வயதைச் சொல்லிவிடுகிறாராம். "கையிலேயே கண்ணு வெச்சிருக்காருன்னு பேசிக்கறாங்க" என்று அம்மா பெருமையாகச் சொன்னார். இன்னொரு நாள், வீட்டுக்கு முன்னால் இருக்கிற மின்கம்பம் வளைந்து சாய்ந்திருக்கிறது என்று மாமா லைன்மேனோடு சண்டைக்குப் போன கதை. லைன்மேன் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, கம்பம் நேராகத்தான் இருக்கிறது என்று ஊரையே கூட்டிக் காட்டினாராம். மாமா ஒப்புக்கொள்ளவில்லையாம். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். நேர்கோடு வளைந்து தெரிவதுதான் இந்த நோயின் முதல் அடையாளம் என்று நூறு மேடைகளில் பேசிய வாய், அதே வாய், போனில் சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

எங்கள் ஆராய்ச்சிக்கு இரண்டு வகை ஆட்கள் தேவைப்பட்டார்கள்: இந்த நோய் உள்ள வயதானவர்கள், அதே வயதில் கண் நன்றாக இருப்பவர்கள். இரண்டு பேரின் இரத்தத்தையும் வைத்துத்தான் எந்த இழை குறைகிறது, எது கூடுகிறது என்று பார்க்க முடியும். எங்கள் ஊர்க் கோவில் பள்ளிக்கூடத்தில் ஒரு கண் முகாம் நடத்தலாம் என்று முடிவானது. ஓசூரிலிருந்து எங்கள் குழுவின் கண் மருத்துவர் வந்தார். முதலில் அவர் கண்ணைச் சோதிப்பார், பிறகு சம்மதம் கேட்டு, சரி என்பவரிடம் மட்டும் நாங்கள் இரத்தம் எடுப்போம். காரிமங்கலத்திலிருந்தும் நல்லம்பள்ளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பத்து மணி வாக்கில் வாசலில் ஒரு சத்தம். பார்த்தால் மாமா. பின்னால் ஐந்தாறு தரகர்கள், வெள்ளை வேட்டியும் துண்டுமாக.

"கண்ணு நல்லா இருக்கற கெழவனுங்க வேணுமாமே? இந்தா, ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். மொதல்ல என்னைய எடுத்துக்க" என்றார் மாமா. ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் வந்துவிட்டாரே! என்னோடு சமாதானம் ஆவதற்கு அவர் தேடிக்கொண்ட வழி அது என்று நினைத்தேன். "கண்ணு நல்லா இருக்குதான்னு டாக்டர் பாக்கணும் மாமா" என்றேன். "அவுங்க என்னா பாக்கறது, நான் பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு, தோளிலிருந்து துண்டை எடுத்து, தன் காதோரத்தில் தானே ஆட்டிக் காட்டினார். "தெரியுது பாரு. இந்தப் பக்கம், தெரியுது. அந்தப் பக்கம், தெரியுது. கன்னுக்குட்டிக் கண்ணு." தரகர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்த கண் சோதனை அது ஒன்றுதான். அதில் மாமா முழுசாகத் தேறிவிட்டார்.

டாக்டர் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட தாள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

"எந்தப் புள்ளி?" என்றார் மாமா.

"நடுவுல இருக்குதுங்களே ஐயா, அந்தப் புள்ளி."

"நடுவுல ஏது? நடுவுல பீடிப் பொகை மாதிரியில்ல இருக்குது."

நான் அடுத்த மேசையில் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் மறு கண்ணை மாற்றிப் பொத்தச் சொன்னார். இப்போது மாமா தாளைச் சற்று நேரம் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "கோடெல்லாம் கோணிக்கிட்டு நெளியுது. இந்தத் தாளையும் அந்த லைன்மேன்தான் நட்டானா?" என்றார். தரகர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கருவி முன்னால் உட்கார வைத்து, மருந்து விட்டு, இரண்டு கண்களையும் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"வலது கண்ணோட நடு எப்பவோ தழும்பாயிடுச்சு. அதுல செய்ய ஒண்ணும் இல்ல. இடது கண்ணும் நடுவுல ரொம்ப நாளாவே கெட்டுக்கிட்டு வந்திருக்கு, இப்ப கசிவு வேற. அதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஊசியை உடனே ஆரம்பிச்சா அந்த மிச்சத்தைக் காப்பாத்த பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, தள்ளிப்போட்டா அதுவும் போயிடும்" என்றார். நான் மரமாக நின்றேன். "அவர் நல்லாத்தானே நடமாடறார்? சந்தைக்குப் போறாரே?" என்று உளறினேன், நானே பதில் தெரிந்த கேள்வியை. "ஓரம் தெரியுதே, நடமாடலாம். உங்களுக்குத் தெரியாததா?" என்றவர், ஏதோ நினைத்துக்கொண்டு என்னை மாமாவுக்கு எதிரே கூட்டிப் போய் நிறுத்தினார். "ஐயா, உங்க மருமகளோட முகத்தை நல்லாப் பாருங்க" என்றார்.

மாமா முகத்தைத் திருப்பினார். அதே காலண்டர் பக்கத்துத் திருப்பல், அதே கிணற்றங்கரைத் திருப்பல். டாக்டர் என் காதருகே மெல்லச் சொன்னார்: "இப்பதான் அவர் உங்களைப் பாக்கறார். நேராப் பாத்தா நீங்க அவருக்குத் தெரிய மாட்டீங்க. ஓரத்துல கொண்டு வந்து வெச்சுப் பாக்கறார். அவுங்களா பழகிக்குவாங்க."

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அத்தனை நாளும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்னைப் பார்க்காமல் இருக்க அல்ல, பார்ப்பதற்கு! கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, காலண்டரோடு பேசியபோது, அவர் என்னைத்தான் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கல்யாணத்தில் நான் பேசாமல் நின்றேனே, பேசியிருந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பார். குரல் கொடுக்காமல் எதிரே நிற்கிற ஆள் அவருக்கு வெறும் சேலை, வெறும் உயரம். கோபமே இல்லாத ஒரு மனிதருக்கு நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து ஒரு கோபத்தைச் செய்து கொடுத்திருந்தோம். எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய நான் அதை எல்லோரையும் விட உறுதியாக நம்பியிருந்தேன்.

அன்று மத்தியானம் வீட்டில் அத்தை சொன்னதுதான் என்னை இன்னும் உலுக்கியது. "தெனம் காத்தால எழுந்ததும், ஏய், துண்டை ஆட்டுன்னுவாரு. இந்தப் பக்கம் நின்னு ஒருக்கா, அந்தப் பக்கம் நின்னு ஒருக்கா. தெரியுது தெரியுதுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருவாரு. நான் என்னாத்தக் கண்டேன்? மனுசனுக்குக் கிறுக்குன்னு நெனச்சுக்கிட்டு, மாவு கரைக்கற கையோட ஆட்டிட்டுப் போவேன்." அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்படியானால் மாமாவுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. கோவில் மதிலோரம் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. பயந்துபோய், தினமும் தனக்குத் தெரிந்த சோதனையை வைத்துப் பார்த்து, நோய் இல்லை என்று தினமும் தைரியம் அடைந்திருக்கிறார். ஓரத்தில் ஆடிய துண்டு அவருக்குக் கடைசிவரை தெரிந்துகொண்டுதான் இருந்தது. தெரியத்தான் செய்யும், அந்த நோய் ஓரத்தைத் தொடாதே.

ஊசி என்றதும் மாமா எகிறினார். "கண்ணுக்குள்ளயா? மாட்டுக்கே நான் ஒத்துக்க மாட்டேன்." பயம் பாதி, சந்தை மீதி. கண் போன தரகன் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அவர் சொல்லுகிற மாட்டை யார் நம்பி வாங்குவார்கள்? "இருக்கறது இருக்கட்டும், எனக்கு இது போதும்" என்று கயிற்றுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா அழுதார். போகாவிட்டால் சோறு வைக்க மாட்டேன் என்று சொல்லி, அத்தை அடுத்த நாளே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நானும் அம்மாவும் கூடப் போனோம்.

சேலத்தில் அந்தக் கண் மருத்துவமனையின் கூடத்தில் ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும், இல்லை, அவருக்குத் தெரிந்த அளவு பார்த்ததும், மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். "மாமா, ஒண்ணும் ஆவாது மாமா. வாங்க, எல்லாம் சரியாயிரும்" என்றேன். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து மடியில் விரித்தார். "வாயில சொல்லாத. வாயில எல்லாரும்தான் சொல்றாங்க. கையக் கொண்டா" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் துண்டுக்குள் நுழைத்தேன். வாழ்க்கையில் ஒரு நாளும் என் கை அந்தத் துண்டுக்குள் போனதில்லை. சந்தையில் பெண்களுக்கு அங்கே வேலை இல்லை. "ஊசி போட்டா இந்தக் கண்ணு நிக்குமா? பத்துக்கு எத்தினி?" என்று கேட்டார். வலது கண்ணை அவர் கேட்கவே இல்லை, அதை அவரே கணக்கு முடித்துவிட்டார் போலிருக்கிறது. என் வாய் தன் போக்கில், "நிக்கும் மாமா, கட்டாயம் நிக்கும்" என்றது. சொல்லிக்கொண்டே அவர் விரல்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை பிடித்தேன். ஐந்து. பிடித்துவிட்டேன். மாமா கையை எடுக்கவில்லை. இன்னொரு முறை பிடிப்பேன், பத்தாகும் என்று காத்திருந்தார். எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. பிடித்திருந்தால் அவர் சந்தோஷமாக எழுந்து உள்ளே போயிருப்பார். ஆனால் டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தது பாதிதான். துண்டுக்குள் என்னால் அதற்கு மேல் போக முடியவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும்.

மாமா துண்டை உதறினார். பேரம் முடிந்தால் உதறுவது போலவே உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கட்டுது. ஊசியக் கொண்டாரச் சொல்லு" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்தார். அம்மா என்னைப் பார்த்து, "என்னாடி சொன்ன?" என்று கேட்டார்.

பாதி என்று சொன்னது பாதியாகவே நின்றது. மாதா மாதம் போய் வருகிறார். கசிவு அடங்கியிருக்கிறது, கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, அதற்கு மேல் திரும்பவில்லை. சந்தையில் அவரே போய்ப் பட்டென்று சொல்லிவிட்டாராம்: "எனக்கு நடுக்கண்ணு இல்லைங்க. கை இருக்குது. கைய நம்பறவன் வா." வந்தார்கள், சிலர் வரவும் இல்லை. ஆனால் தரகர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, "அந்தக் கம்பம் நேரா இருக்குதா, சொல்லு" என்று கேட்காமல் விடுவதில்லையாம். பீடியை மட்டும் முழுசாக விட்டுவிட்டார் என்று அத்தை சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன் என்று வாயால் சொல்லிவைத்திருக்கிறேன்.

அவருடைய இரத்தம் நோயாளிகளின் குப்பிகளில் சேர்ந்துவிட்டது. "என்னைய நல்ல மந்தையில சேக்கத்தானே வந்தேன், கழிச்சுக் கட்டற மந்தையில சேத்துட்டியே பாப்பா" என்று கிண்டல் செய்தார். பெயர்களுக்குப் பதில் எண்கள்தான் எங்களிடம் வரும், எந்த எண் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இழைகளின் அளவுகளைத் திரையில் புள்ளிகளாகப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு பக்கம் நல்ல கண்கள், ஒரு பக்கம் கெட்ட கண்கள். கெட்ட கண்களின் பக்கத்தில் உள்ள புள்ளிகளில் ஒன்று மாமா. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து புள்ளிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு எதிரே நிற்கிற முகம் தெரியாமல் போன கதை என்று உறைத்தது அவர் புள்ளியும் அதில் சேர்ந்த அன்றைக்குத்தான். பகல் வெளிச்சத்தில், எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்த கூடத்தில், திரையை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

இந்தத் தை மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கோவில் முன்னால் மாடுகள் நின்றன, சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். மாமா அதே மதிலோரத்தில் வெறும் வாயோடு நின்றார். நான் அவருக்கு எதிரே போய் நின்றேன். பேசவில்லை. அந்தக் கல்யாணத்தில் நின்றது போலவே நின்றேன், இந்தத் தடவை வீம்புக்கு அல்ல. அவர் மெதுவாக முகத்தை மதில் பக்கம் திருப்பினார். திருப்பி, கொஞ்சம் தாழ்த்தி, மறுபடி கொஞ்சம் உயர்த்தினார்.

"கம்மல் புதுசா, பாப்பா?" என்றார்.

அவர் துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போட்டார். "ஒண்ணு கேக்க உட்டுப் போச்சு. நீ தோளைத் தட்டறவனைத் தேடிக்கிட்டு இருக்கறியே, அது மருந்தா வந்து என் கண்ணுக்கு ஆவுமா?" என்றார். சுற்றிலும் மேளமும் மாட்டு மணியும். நான் அவர் விரல் எதையும் பிடிக்கவில்லை. அவர் விரல்கள் என் கையைத் தேடி வந்தன, நான் மடக்கி வைத்திருந்தேன். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். "செரி. எனக்குப் பின்னால அடுத்த சந்தைக்கு வர்றவனுக்கு?" என்றார். நான் அவர் சுண்டு விரலை மட்டும் பிடித்தேன்.

மாமா துண்டை உதறவில்லை. எங்கள் கைகளின் மேல் அது அப்படியே கிடந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஓர் உறவுக்காரம்மா என் அம்மாவிடம், "என்னாங்க, உங்க அண்ணன் இன்னமும் மருமவகிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்கறாரா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அம்மா என்ன பதில் சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை. மாமா மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.